போதும் என்று யார் சொல்வது?

நம் சங்கத்துப் பிள்ளைகளில் இப்போது ஏழெட்டுப் பேராவது எம்.எம்.ஏ. வகுப்புக்குப் போகிறார்கள். ஒரு காலத்தில் சனி, ஞாயிறு என்றால் பாட்டு, பரதநாட்டியம், மிருதங்கம்; மிஞ்சிப் போனால் கராத்தே. இன்று கடைத்தெரு மாடியில் ரப்பர் மெத்தை விரித்து, கம்பி வலை அடித்த கூண்டுக்குள் பிள்ளைகள் கட்டிப் புரள்கிறார்கள். "இது விளையாட்டா, தெருச்சண்டையா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். போட்டிக்கு ஒப்புதல் படிவம் வந்தால் கையெழுத்துப் போடும் பெற்றோருக்குக் கை நடுங்குகிறது. "கோலாப்பூர் பக்கம் இருந்தபோது குஸ்தி பார்த்துத் திரிந்தவர் நீங்கள்தான், எழுதுங்கள் சார்" என்று ஆசிரியர் குழுவினர் இதை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

குஸ்தியிலிருந்தே தொடங்குகிறேன். மிரஜ், கோலாப்பூர் பகுதியில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்த வருடங்களில், விடுமுறை கிடைத்தால் சாகு மகாராஜா கட்டிய காஸ்பாக் மைதானத்துக்குப் போய்விடுவேன். செம்மண் குழியில் இரண்டு பயில்வான்கள் மோதுவார்கள். ஒருவனுடைய இரு தோள்களும் மண்ணில் பட்டுவிட்டால் தீர்ந்தது. மராத்தியில் 'சீத்பட்' என்பார்கள். கூட்டம் எழுந்து கத்தும், ஜெயித்தவன் தலைப்பாகை வாங்கிக்கொள்வான், தோற்றவன் மண்ணைத் தட்டிவிட்டுப் போவான். அதாவது, முதுகு தரையில் படுவதுதான் அங்கே முடிவு.

எம்.எம்.ஏ.யில் முதுகு தரையில் பட்ட பிறகுதான் பாதிச் சண்டை ஆரம்பமாகிறது. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

இதற்கு வேர் ஜப்பானில் இருக்கிறது, கிளை பிரேசிலில். மித்சுயோ மயேதா என்ற ஜூடோ வீரர் 1914இல் பிரேசிலுக்குப் போனார். அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேசி. அந்தக் குடும்பம் தரையில் படுத்துக்கொண்டு போடும் சண்டையை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்துவிட்டது. 1993 நவம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவில் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்ற போட்டி முதன்முதலாக நடந்தபோது, குத்துச்சண்டைக்காரர், கராத்தேக்காரர், சுமோக்காரர் என்று எட்டுப் பேர் இறங்கினார்கள். எடைப் பிரிவு கிடையாது. ஜெயித்தவர் ஏறக்குறைய 80 கிலோ எடையே இருந்த ராய்ஸ் கிரேசி. எதிராளியைக் கட்டிப் பிடித்துத் தரைக்குக் கொண்டுபோய், ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். பார்த்தவர்களுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை.

தரைச் சண்டையில் நிலைகள் பல. கீழே மல்லாந்து கிடப்பவன் தன் இரு கால்களுக்கு நடுவே மேலே இருப்பவனைப் பின்னிப் பிடித்திருந்தால் அதற்குப் பெயர் 'கார்டு'. (ரயில்வேக்காரனுக்கு கார்டு என்றால் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி காட்டுபவர்தான். 2022 முதல் அவரையும் டிரெயின் மேனேஜர் ஆக்கிவிட்டார்கள்.) கார்டில் கிடப்பவன் தோற்றவன் அல்ல. அங்கிருந்தே கழுத்தையும் கையையும் மடக்கலாம். 1994 டிசம்பரில் அதே ராய்ஸ், தன்னைவிட மிகப் பெரிய உடம்புக்காரரான டான் செவர்ன் என்ற மல்யுத்த வீரருக்குக் கீழே கால் மணி நேரத்துக்கு மேல் கிடந்தார். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் செவர்ன் ஜெயிக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். கடைசியில் கீழே கிடந்தவர் தன் கால்களையே முக்கோணமாக மடக்கி மேலே இருந்தவரின் கழுத்தை நெரித்தார். செவர்ன் தட்டிவிட்டார். தட்டுவது என்றால், போதும், தோற்றேன் என்று எதிராளி உடம்பிலோ தரையிலோ கையால் தட்டிச் சொல்வது.

ஆகவே, ஒருவன் கீழே கிடக்கிறான் என்பதற்காக நடுவர் சண்டையை நிறுத்த முடியாது. இதைப் பெற்றோர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தன் பிள்ளை கீழே போனதும் "நிறுத்து, நிறுத்து" என்று அலறும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் 'மவுண்ட்' என்று ஒன்று உண்டு. எதிராளி நெஞ்சின் மேல் குதிரை ஏறின மாதிரி உட்கார்ந்துவிடுவது. அதைவிட மோசம், குப்புறக் கிடப்பவன் முதுகில் ஏறிக்கொள்வது. இங்கே மேலே இருப்பவனுக்கு இரண்டு கையும் சும்மா இருக்கிறது. நின்றுகொண்டு குத்து வாங்கினால் தலை பின்னால் போகும், உடம்பும் கூடவே போகும், வேகத்தில் கொஞ்சம் அதில் கரைந்துவிடும். தரையில் தலைக்குப் பின்னால் போக இடமில்லை. மெத்தைக்கும் முஷ்டிக்கும் நடுவே அது மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் தரையில் வாங்கும் சாதாரணக் குத்துகூட எண்ணிக்கை ஏற ஏற ஆபத்தாகிறது.

கிடுக்கிப்பிடிகளின் கணக்கு வேறு. பின்னாலிருந்து கழுத்தைக் கையால் வளைத்து இறுக்கும்போது, சரியாகப் போட்டால் நெரிவது மூச்சுக்குழாய் அல்ல. கழுத்தின் இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள். பத்து விநாடி அளவில் நினைவு போய்விடும். வலி அதிகம் இருக்காது, எச்சரிக்கையும் இருக்காது. உடனே விட்டுவிட்டால் சில விநாடிகளில் நினைவு திரும்பிவிடும். விடாமல் இறுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நினைவு போனவன் தட்ட மாட்டான். ஆகவே நடுவர் அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடியை விடுவிக்கத் துழாவிக்கொண்டிருந்த விரல்கள் தளர்ந்தால் அதுதான் தட்டு.

மூட்டுப் பிடியில் எலும்பும் நரம்பும் பேசும், ஆனால் வீரன் பேச மாட்டான். இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1951 அக்டோபர் 23ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில், ஜப்பானின் மாபெரும் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் கார்லோஸின் தம்பி ஹீலியோ கிரேசியும் மோதினார்கள். தூக்கிப் போட்டாலோ அழுத்திப் பிடித்தாலோ வெற்றி கிடையாது. எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி. இரண்டாம் சுற்றில் கிமுரா அவர் கையைப் பின்னால் முறுக்கினார். எலும்பு முறிந்தது. ஹீலியோ தட்டவில்லை. மேலும் முறுக்கினார். அப்போதும் தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் துண்டை எறிந்து போட்டியை முடித்தார். அந்தப் பிடிக்கு இன்றும் கிமுரா என்றே பெயர். ஹீலியோவின் வீரத்தைப் புகழ்ந்து எவ்வளவோ எழுதிவிட்டார்கள். எனக்கு என்னவோ அந்த அண்ணன்தான் பெரிய மனிதராகத் தெரிகிறார். ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில், தம்பி வாயைத் திறக்காதபோது, குடும்பத்தின் தோல்வியை அவர் தன் கையால் எழுதிக் கொடுத்தார்.

இன்னொன்று 2004 ஜூன் 19, லாஸ் வேகாஸ். ஹெவிவெயிட் பட்டத்துக்காக டிம் சில்வியாவும் ஃபிராங்க் மிர்ரும் மோதினார்கள். தரையில் மிர் முழங்கையை நீட்டி மடக்கும் பிடி போட்டார். 50 விநாடிதான் ஆகியிருந்தது. நடுவர் ஹெர்ப் டீன் பாய்ந்து நிறுத்திவிட்டார். சில்வியா எழுந்து நின்று, எனக்கு ஒன்றுமில்லை, ஏன் நிறுத்தினீர்கள் என்று சண்டை பிடித்தார். அரங்கம் முழுவதும் நடுவரைக் கேலிக் கூச்சல் போட்டது. நம்மூரில் சொல்வோமே, குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று, அந்த மாதிரி. பிறகு பெரிய திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். முன்கை எலும்பு ஒடிந்து வளைவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. அந்த நடுவர் இன்னும் ஐந்து விநாடி பொறுத்திருந்தால் அந்தக் கை என்ன ஆகியிருக்கும்?

இப்படி நிறுத்தும் அதிகாரம் நடுவருக்கு ஆரம்பத்திலேயே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1993இன் முதல் போட்டியில் நடுவர் தானாக நிறுத்த முடியாது. வீரன் தட்ட வேண்டும் அல்லது அவன் ஆட்கள் துண்டை எறிய வேண்டும். அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்த இரண்டாவது போட்டிக்கு நடுவராக வந்தவர் ஜான் மெக்கார்த்தி, லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ்காரர். நிலைகுலைந்து கிடப்பவனுக்கு அடி விழுகிறது, அவன் ஆட்கள் துண்டை எறியாமல் நிற்கிறார்கள், நடுவர் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறது. நிறுத்தும் அதிகாரம் கொடுத்தால்தான் மறுபடி வருவேன் என்று அவர் சொல்லிவிட்டார். மூன்றாவது போட்டியிலிருந்து கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் நியூ ஜெர்சியில் பொது விதிகள் உருவாகி, எடைப் பிரிவு, சுற்று, கையுறை எல்லாம் வந்தது. அமெச்சூர் போட்டிகளுக்கென்று ஒரு சர்வதேச சம்மேளனம் 2012இல் ஏற்பட்டது. அதன் விதிப்படி சுற்று மூன்று நிமிடம்தான். முழங்கையால் அடிக்கக்கூடாது, முழங்காலால் தலையில் இடிக்கக்கூடாது, குதிகாலைப் பிடித்து முழங்கால் மூட்டை முறுக்கக்கூடாது. இந்தக் கடைசி விதிக்குக் காரணம் உண்டு. அந்தப் பிடியில் வலி தெரிவதற்குள் தசைநார் போய்விடும்.

நடுவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி விதிகளில் ஒன்றுதான்: கீழே இருப்பவன் புத்தியோடு தன்னைக் காத்துக்கொள்கிறானா? 'புத்தியோடு' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அசையாமல் கிடப்பது தற்காப்பு மாதிரித் தெரியும். அது தற்காப்பு அல்ல, மழைக்கு ஒதுங்கி நிற்பது.

இதை நான் நேரில் கண்டது போன குளிர்காலத்தில். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன், பத்தொன்பது வயது, பொறியியல் இரண்டாம் ஆண்டு. தாணா பக்கத்தில் ஒரு பள்ளி உள்ளரங்கில் அவனுக்கு இரண்டாவது போட்டி. எதிராளி சத்தாராவிலிருந்து வந்த பையன், குஸ்தி ஆடி வளர்ந்த உடம்பு. முதல் சுற்றில் நம் பையன் நின்றுகொண்டே உதைத்தும் குத்தியும் நன்றாக ஆடினான். இரண்டாம் சுற்றில் சத்தாராக்காரன் காலைப் பிடித்துத் தூக்கிச் சாய்த்தான். கொஞ்ச நேரம் கார்டில் வைத்துச் சமாளித்தான். பிறகு அவன் காலைத் தாண்டி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டான். குத்து விழுந்தது. நடுவர் குனிந்து ஏதோ கத்தினார். அப்புறம் இருவருக்கும் குறுக்கே விழுந்து, மேலே இருந்தவனை மார்போடு அணைத்து அப்புறப்படுத்தி, கையை வீசி முடித்துவிட்டார்.

பையனின் அப்பாவுக்கு மகா கோபம். வீட்டுக்கு வந்த பிறகும் ஆறவில்லை.

"நீங்களே சொல்லுங்க சார், இன்னும் இருபது செகண்ட்தான் பாக்கி. விட்டிருந்தா எழுந்திருப்பான். ஆறு மாசம் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து பிராக்டீஸ் பண்ணினான் சார்."

பையனும் சொன்னான்: "தாத்தா, நான் நல்லாத்தான் இருந்தேன். மறைச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்? ரெஃப்ரி ஒரு வார்த்தை வார்ன் பண்ணலை. திடீர்னு வந்து நிறுத்திட்டார்."

அவன் அப்பாவே மொபைலில் படம் எடுத்திருந்தார். போட்டுப் பார்த்தோம். முதல் தடவை எனக்கும் அவசரப்பட்டு நிறுத்திவிட்டார் போலத்தான் தெரிந்தது. இரண்டாம் தடவை, முகத்தை விட்டுவிட்டுப் பையனின் கால்களை மட்டும் பார்த்தேன். மவுண்ட் ஆனதும் பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கித் தள்ளப் பார்க்கிறான், ஒரு தடவை, இரண்டு தடவை. அப்புறம் ஒரு குத்து காதோரம் விழுகிறது. அதற்குப் பிறகு கால் இரண்டும் நீட்டிக்கொண்டன. இடுப்பு அசையவே இல்லை. கை மட்டும் காதில் இருக்கிறது. ஏழு குத்து, பதிலே இல்லை. மூன்றாம் தடவை சத்தத்தைக் கூட்டி வைத்தோம். நடுவர் அவன் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து, "ஹிலோ, ஹிலோ! நஹி தோ ரோக் தூங்கா!" என்று மூன்று முறை கத்துகிறார். அசை, இல்லையென்றால் நிறுத்திவிடுவேன் என்று. கூட்ட இரைச்சலில் எட்டடி தள்ளி இருந்த மொபைலுக்கே தெளிவாகக் கேட்டிருக்கிறது.

"ஏண்டா, உனக்குக் கேக்கவே இல்லையா?" என்றாள் அவன் அம்மா.

பையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்த ரவுண்டு இது என்று கேட்டேன். "மூணாவது" என்றவன், கொஞ்சம் யோசித்து, "ரெண்டாவதா தாத்தா?" என்றான். அவன் அப்பா மொபைலை அணைத்துவிட்டார்.

பையன் பொய் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை யாரும் எச்சரிக்கவில்லை, அவன் நன்றாகத்தான் இருந்தான். அடி வாங்கின மூளையைக் கொண்டே, அடி பட்டதா என்று அளக்கச் சொன்னால் வேறு எப்படி இருக்கும்?

போட்டி முடிந்த அன்றே அந்த நடுவரிடம் பேசியிருந்தேன். அவரும் கோலாப்பூர்ப் பழைய பயில்வான். காது இரண்டும் மடங்கிப் போன ஆள். எதைப் பார்த்து நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். "முகத்தைப் பார்க்க மாட்டேன் சாஹேப். இடுப்பு நகர்கிறதா, மேலே இருப்பவன் மணிக்கட்டைப் பிடிக்கப் பார்க்கிறானா, முழங்கையை உள்ளே நுழைத்து இடம் பண்ணுகிறானா, அதைத்தான் பார்ப்பேன். ஏதாவது ஒன்று செய்துகொண்டிருந்தால் விடுவேன். சொல்லியும் செய்யவில்லை என்றால் அவனுக்குக் கேட்கவில்லை, கேட்டும் செய்ய முடியவில்லை என்றாலும் அதேதான்" என்றார்.

எனக்கு உடனே டிராக் சர்க்யூட் நினைவுக்கு வந்தது. தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும்வரை ரிலே பிடித்துக்கொண்டிருக்கும், பச்சை விளக்கு எரியலாம். வண்டி வந்தால் ரிலே விழுந்து சிவப்பாகும். ஒயர் அறுந்தாலும் சிவப்புதான், தண்டவாளம் உடைந்தாலும் சிவப்புதான். வண்டி நிற்கிறதா, ஒயர் அறுந்ததா என்று ரிலேவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். முதலில் வண்டி நிற்கும், பிறகு நாங்கள் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்ப்போம். ஒயர் கோளாறுக்காக வண்டி நின்றால் பயணிகள் எங்களைத் திட்டாத திட்டு இல்லை. அந்தத் திட்டை வாங்கிக்கொள்வதும் சம்பளத்தில் சேர்த்தி.

தொழில்முறைப் போட்டியில் நடுவருக்கு இது கஷ்டம்தான். பணம் இருக்கிறது, பட்டம் இருக்கிறது, செவர்னுக்குக் கீழே கிடந்த ராய்ஸ் மாதிரித் திரும்பி வருபவர்களும் இருக்கிறார்கள். அமெச்சூரில் என்ன இருக்கிறது? ஒரு பதக்கம், ஒரு சான்றிதழ். இங்கே சந்தேகம் வந்தால் நிறுத்தலாம், நிறுத்தத்தான் வேண்டும். பையனுக்கு அநியாயமாகத் தெரியலாம். அடுத்த போட்டிக்கு ஆள் முழுசாக இருப்பான்.

நிறுத்தினதோடு முடிந்துவிடுவதும் இல்லை. 2016 ஏப்ரல் 9ஆம் தேதி டப்ளினில் ஜுவாவ் கார்வாலோ என்ற போர்ச்சுகல் வீரர் தொழில்முறைப் போட்டியில் மூன்றாம் சுற்றில் தோற்றார். தரையில் குத்து விழுந்துகொண்டிருந்தபோது நடுவர் நிறுத்தினார். எழுந்து நின்றார். ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்துத்தான் உடம்பு சரியில்லாமல் போனது. மூளையில் அவசர அறுவை சிகிச்சை செய்தும் இரண்டு நாளில் இறந்துபோனார். எழுந்து நடந்தான், பேசினான், ஆகவே ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நம் பையனை மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். லேசான மூளை அதிர்ச்சி என்றார். ஒரு மாதம் தலையில் அடிபடும் பயிற்சி எதுவும் கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது பட்டால் விபரீதம் என்று சொல்லி அனுப்பினார். அவனோ அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பயிற்சிச் சண்டைக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தான். அவன் அம்மாவே பயிற்சியாளருக்குப் போன் செய்து பெயரை எடுக்கச் சொன்னாள்.

கையெழுத்துப் போடப்போகும் பெற்றோர்கள், கூண்டருகே டாக்டர் இருப்பாரா, வாசலில் ஆம்புலன்ஸ் நிற்குமா, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மழுப்பினால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளையின் மூலையில் துண்டோடு நிற்கப்போகிறவர் யார், இதுவரை எப்போதாவது அதை எறிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். எடை குறைப்பதற்காகக் கடைசி இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் கிடக்கிறானா என்பதை வீட்டில் நீங்கள்தான் கவனிக்க முடியும். அப்படிக் கிடந்தால் அந்தப் போட்டியே வேண்டாம்.

தலையில் அடி பட்ட அன்று இரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ஹாஸ்டலில் இருந்தால் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின் போன்றவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். தலைவலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பினால் எழுந்திருக்காமல் தூங்கினாலோ, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல், தலை ஸ்கேன் எடுக்கும் வசதியும் மூளை அறுவை சிகிச்சை நிபுணரும் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விடுங்கள். எது பக்கத்தில் இருக்கிறது என்று போட்டிக்கு முன்பே விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், நள்ளிரவில் தேட வேண்டியிருக்காது.